கழுவிக்கொண்டு போன கால்

பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்குக்காக, முந்தின நாளே பெரம்பலூரில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் விரிவாகச் சொல்வாள்.

சடங்கு தெரியாதவர்களுக்கு: ஈஸ்டருக்கு முந்தின வியாழனன்று மாலைப் பூசையில், பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, தானே மண்டியிட்டு, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு. பெரியவன் வேலைக்காரனாக வேண்டும் என்பது பாடம். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சனத்தில், அந்தப் பாடத்தைச் சற்று வேறுவிதமாகப் படித்துக்கொண்டோம். சாமியாரையே மண்டியிட வைக்கும் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகள் ஊரில் பெரிய கௌரவம். குடும்பவாரியாக வரும். அப்பா போனால் மகனுக்கு. என் நாற்காலி எனக்கு அப்படித்தான் வந்தது; நிலம் வரவில்லை, நாற்காலி வந்தது. சீடர் பன்னிரண்டு பேரில் ஒருவன் காட்டிக்கொடுத்தவன் ஆயிற்றே, அவன் நாற்காலி எது என்று மட்டும் எங்கள் பங்கில் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே பீர்க்கங்கூடு போட்டுக் காலைத் தேய்த்துவிட்டுத்தான் வருவோம். ஊர் பார்க்கச் சாமியார் ஊற்றும் தண்ணீர் கலங்கிப் போனால் குடும்ப மானம் என்ன ஆவது? நான் ஒரு படி மேலே போனேன். பார்லரில் என் குதிகாலைச் சுரண்டியவர், "கல்யாணமா சார்?" என்று கேட்டார். "இல்ல, பாதம் கழுவுறாங்க" என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மறுபடியும் சுரண்டினார்.

மறுநாள் சாமியார் என் காலைக் கையில் எடுத்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "ரோஜா வாசம் வருது சார்" என்றார் மெதுவாக. பூசை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கைகூப்பியவர் என்னிடம் வந்ததும், "கழுவாத கால் எப்படி இருக்கும்னு பாக்க ஆசையா இருந்தா, செவ்வாய்க்கிழமை சிஸ்டரோட ஜீப்புல ஏறுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கைகூப்பப் போய்விட்டார்.

அது கிண்டல் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. புரிந்ததும் கோபம் வந்தது. கோபத்தில்தான் ஜீப்பில் ஏறினேன். தாழ்மையைத் தேடிப் போனான் என்று எங்கள் பங்கில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பொய். நான் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். தாழ்மையைப் பற்றி என் அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் இருக்கிறது. அவ்வளவும் படித்த ஒருவனைச் சாமியார் வாசலில் வைத்துக் கிண்டல் செய்யலாமா? காட்டுகிறேன் பார் என்றுதான் ஏறினேன்.

ஜீப் மிஷன் கிளினிக்குடையது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், பிற்பகல் மூன்றரை மணிக்குக் கிளம்பி, அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஊர் ஊராகப் போகும். சர்க்கரை நோயில் காலில் புண் வந்தவர்களுக்கு வீட்டு வாசலிலேயே கழுவிக் கட்டுப் போடுவது வேலை. நடத்துபவர் எழுபது வயது சிஸ்டர். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, ஓய்வு பிடிக்காமல் திரும்பி வந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கட்டுப் போடத் தெரியுமா?"

"கத்துக்கறேன் சிஸ்டர். எதுவானாலும் செய்யத் தயாரா இருக்கேன்."

"அப்ப அந்தப் பேசினத் தூக்குங்க."

இரண்டு மாதம் பேசினைத்தான் தூக்கினேன். புண் கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டக்கூடாது, கிணற்றுப் பக்கம் கொட்டக்கூடாது, மாடு வரும் பக்கம் கொட்டக்கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கொட்ட ஓர் இடம் தேடுவதுதான் என் ஊழியம். புத்தகங்களில் இந்தப் பகுதி வருவதில்லை. பிறகு ஒருநாள் காலைத் தொட அனுமதி கிடைத்தது. முதல் காலுக்கு முன்னால் மண்டியிட்டபோது முழங்கால் வலியில் ஒரு பெருமூச்சு விட்டேன்.

"மூச்சு விடாதீங்க" என்றார் சிஸ்டர்.

"சிஸ்டர்?"

"அவங்க காலைப் பாத்து நீங்க பெருமூச்சு விட்டா, விரலு போச்சுன்னு பயந்துக்குவாங்க. வலிச்சா வூட்டுக்குப் போயி விடுங்க."

அவர் சொல்லிக்கொடுத்தது மொத்தமே நாலு விஷயம். காய்ச்சி ஆறவைத்த உப்புத்தண்ணீரின் சூட்டை முழங்கையில் பார். ஊறப்போடாதே, ஊற்றிக் கழுவு. புண்ணைச் சுற்றி ஒத்தி எடு. கடைசியாக, விரலிடுக்கைத் துடை. இந்த நாலாவதைத்தான் அவர் ஓயாமல் சொல்வார். இடுக்கில் ஈரம் நின்றால் அங்கேயே ஊறி அடுத்த புண் கிளம்பும். "எல்லாம் அழகா பண்ணிட்டு இடுக்க விட்டுடுவாங்க. வெளியில தெரியாதுல்ல, அதான்."

ஐப்பசி மழையில்தான் அந்த அக்கா வந்து சேர்ந்தார். சிறுவாச்சூருக்கு இந்தப் பக்கம் ஒரு காலனி. தனியாக இருந்தார், மகள் திருப்பூரில். வெங்காய ஷெட்டில் வேலை: சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாள்மணையில் உட்கார்ந்து அறுத்துத் தள்ளுவது. காட்டில் சீமைக்கருவேல முள் வலது கால் கட்டைவிரலில் ஏறியிருக்கிறது. சர்க்கரை முற்றிய காலுக்கு வலி தெரியாது. முள்ளோடு நாலு நாள் நடந்திருக்கிறார். செருப்பில் இரத்தத்தைப் பார்த்துத்தான் சமாச்சாரமே தெரிந்தது.

முதல் நாளே கேட்டுவிட்டார். "கழுவுறது சரி. சாமி மாத்தச் சொல்லுவீங்களா?"

சிஸ்டர் புண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்குக் கட்டு மாத்தவே நேரம் பத்தல."

"அப்ப சரி. எனக்கு மதுரகாளி இருக்கா."

"இருக்கட்டும். காலை இந்தப் பக்கம் நீட்டுங்க."

நான், "வலிக்குதாம்மா?" என்றேன், என்னால் முடிந்த அளவு கனிவோடு.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

"எனக்கு அம்பத்தஞ்சு. நான் உங்களுக்கு அம்மாவா? அக்கான்னு கூப்புடுங்க. தலை நரைச்சவரு அம்மாங்கறீங்க, தெருவுல நாலு பேரு என்னை என்ன நெனைப்பாங்க?"

அன்று முதல் அக்கா. சிஸ்டர் அந்தக் காலை என் பொறுப்பில் விட்டார். ஷெட்டுக்காரர் புண்ணைப் பார்த்தால் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதால், கறுப்புச் செருப்புக்குள் துணி சுற்றி மறைத்துக்கொண்டு போவார். அதனால் சாயங்காலம் வீட்டில்தான் கட்டு.

நானும் பக்தியோடுதான் கழுவினேன். ஒருநாள் தண்ணீரை ஊற்றியபடியே கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூங்குறீங்களா சார்?"

"இல்லக்கா. ஜெபம்."

"கண்ணத் தொறந்து பண்ணுங்க. மூடிக்கிட்டா புண்ணு தெரியாது." பிறகு, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க புண்ணியத்துக்கு என் காலைப் புடிக்காதீங்க. என் காலு ஆறணும்னா புடிங்க. ரெண்டும் வேற வேற. கையிலயே தெரியுது."

கோவித்துக்கொண்டேன். அப்படிக் கோவித்தபடியே ஊற்றிய அன்றுதான் முதல்முறையாகத் தரையில் தண்ணீர் சிந்தாமல் கட்டுப் போட்டேன். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் விளக்கப் பார்த்தார். நான் சம்மதிக்கவில்லை. "பங்கு ஆண்டு மலருக்கு உங்க சாட்சிய எழுதிக் குடுங்க" என்று பங்குப் பேரவையில் கேட்டார்கள். அதற்கும் மறுத்துவிட்டேன். ஆண்டு மலரில் என் படமும் அக்காவின் காலும் பக்கத்துப் பக்கத்தில் வரும், கீழே 'இறைப்பணியில்' என்று போடுவார்கள். அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் அக்கா. அதை வைத்து நான் புனிதனாக முடியாது என்று சொன்னேன். அதைக்கூடத் தாழ்மை என்று எழுதிக்கொண்டார்கள்.

தை பிறக்கும்போது புண் ஏறக்குறைய மூடிவிட்டது. மாசியில் மறுபடியும் பிளந்தது. காரணம் எளிது. சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை. ஒரு வெள்ளிக்கிழமை, புண் ஆறிய நன்றிக்காகவே, அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உச்சிவெயிலில் கல்தரையில் சுற்றியிருக்கிறார். கால் வெந்தது அவருக்குத் தெரியவில்லை. கட்டைவிரலின் அடியில் கொப்புளம் கட்டி, உடைந்து, முள் இருந்த இடம்வரை வாய் திறந்துவிட்டது.

நான் கத்தினேன். "உங்களை யாரு வெறுங்காலோட நடக்கச் சொன்னா?"

"பின்ன, கோயிலுக்குச் செருப்போடவா போவாங்க? நீங்க போவீங்களா?"

நாங்கள் செருப்போடுதான் போவோம் என்பது அந்த நேரத்தில் சொல்லத்தக்க பதிலாக இல்லை. சிஸ்டர்தான், "ஏன் சார், கோயில்ல காலுறை போடக்கூடாதா என்ன?" என்று கேட்டு, கனத்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடியை அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்தார். "ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்குங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க. காளி காலையிலயும் இருப்பா." இத்தனை ஆண்டு மிஷன் ஊழியத்தில் அம்மன் கோயிலுக்குப் போகக் காலுறை வாங்கிக்கொடுத்த சிஸ்டர் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்தார். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரச் சொன்னார். அதற்குள் புண் காய்ந்து சதை சிவப்பாக ஏறியிருந்தால் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் கட்டைவிரலை எடுத்தே ஆகவேண்டும், தாமதித்தால் பாதம் என்றார்.

"விரலக் குடுக்க மாட்டேன்" என்றார் அக்கா. "இதை ஊனித்தான் வரப்புல நிக்கிறேன். இது போனா நான் சாய்ஞ்சுதான் நடப்பேன். சாய்ஞ்சு நடக்கறவள ஷெட்டுல எதுக்குச் சேப்பாங்க? ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"என்னன்னு?"

"சனிக்கிழமை வரேன்னு."

இந்த இடத்தில்தான் நான் பார்லரைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தேன். பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த ஆண்டு பெரிய வியாழனுக்கு என் நாற்காலியில் அந்த அக்கா உட்காரட்டும் என்றேன். பேரவைத் துணைத்தலைவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், எல்லோருக்கும் உதவுபவர். அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"நல்ல எண்ணந்தான் சார். ஆனா கட்டுப் போட்ட காலு. பீடத்துக்கிட்ட. பூசைக்கு வர்றவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும். அதுவுமில்லாம, அவங்க நம்ம ஆளு இல்லையே."

'நம்ம ஆளு' என்பதில் மதம் மட்டும் இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அழுக்குக் காலுக்கு இடமில்லாத இடத்துல எதுக்குய்யா தண்ணியும் துண்டும்? போன வருஷம் என் காலை ரோஜா எண்ணெய் பூசிக் கொண்டாந்தேன், ஒருத்தரும் கேக்கல. நெஜமா கழுவ வேண்டிய காலு ஒண்ணு வருதுன்னா உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கா? அந்த அக்கா உட்காராத இடத்துல நானும் உட்கார மாட்டேன்" என்றேன். அதற்கு மேலும் சில சொன்னேன். அவற்றில் இரண்டுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டேன். மற்றவற்றுக்குக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

சாமியார் கடைசியில் சொன்னார்: "எனக்கு ஆட்சேபணை இல்ல. அவங்க என்ன சொல்றாங்க?"

நான் அக்காவைக் கேட்கவே இல்லை.

மறுநாள் கட்டுப் போடும்போது சொன்னேன், வெற்றிச் செய்தியாகவே. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாரும் பாக்க, உங்க சாமி முன்னாடி, நான் காலை நீட்டி உட்காரணும். சாமியாரு மண்டி போட்டுக் கழுவுவாரு."

"ஆமாக்கா."

"நான் கும்புடாத சாமின்னா, அதுக்கு முன்னாடி காலை நீட்டலாமா சார்? எங்க காளி முன்னாடியே நான் காலை நீட்ட மாட்டேன். உங்க சாமிய மட்டும் எதுக்கு அவமானப்படுத்தணும்?" பிறகு, "எனக்காகச் சண்டை போட்டீங்களாக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. இரண்டு மாதம் பேசின் தூக்கியும் அது வரவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி, "நாற்காலிய எங்க வெச்சாங்களோ அங்கயே இருக்கட்டும், போயி உட்காருங்க" என்றாள். அப்பா பெயர் கெட்டுவிடக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். மறுபடியும் என் நாற்காலியாயிற்று.

பெரிய வியாழனன்று ஜீப் கிடையாது. சிஸ்டருக்கும் டிரைவருக்கும் கோயிலில் வேலை. அதனால் புதன்கிழமையே அக்காவுக்கு நல்ல கட்டாகப் போட்டுவிட்டு வந்தோம், சனி காலை டாக்டரிடம் போகும்வரை தாங்கும் என்று. புதன் இரவு கோடை மழை கொட்டியது. வியாழன் மாலை ஐந்து மணிக்கு, வெள்ளை வேட்டியோடு நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா அதுவரை என்னை அழைத்ததே இல்லை.

"சிஸ்டரு போனை எடுக்கல. ஓடு ஒழுகிக் கட்டு நனைஞ்சிருக்கு போல. எனக்கு ஈரம் எங்க தெரியுது? ஷெட்டுல இருந்து வந்து அவுத்துப் பாத்தாத்தான் தெரியுது. அவசரமில்ல, நாளைக்கு வந்தாப் போதும்."

ஒரு பகல் முழுக்க ஊறியிருக்கிறது. இன்னோர் இரவு ஊறினால் சனிக்கிழமை டாக்டர் கத்தியைத்தான் எடுப்பார். துணைத்தலைவருக்கு போன் செய்தேன்.

"சார், பன்னெண்டு நாற்காலி போட்டாச்சு" என்றார்.

"பதினொண்ணு போதும். ஒண்ணக் குறைச்சுக்குங்க."

"மறுபடியும் கோவமா சார்?"

"இல்லங்க. ஒரு காலைக் கழுவணும்."

அவர் அதை இன்றுவரை குத்தல் பேச்சென்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் உள்ளதைத்தான் சொன்னேன். வேறு யாரிடமும் அதற்கு அனுமதி கேட்கவில்லை. நாற்காலி, அப்பா, குடும்ப மானம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, மனைவியைக் கோயில் வாசலில் இறக்கினேன். அவள் எதையும் கேட்கவில்லை, அது நல்ல அறிகுறி இல்லை. கிளினிக்கில் சிஸ்டரின் அறைச் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. உப்புத்தண்ணீர் பாட்டிலும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு பைக்கை விட்டேன்.

காலனிக்குள் தெரு முழுக்கச் சேறு. வாசலில் அக்கா மறித்தார். "இன்னிக்கு உங்க கோயில்ல விசேஷமாச்சே? நாளைக்குன்னுதானே சொன்னேன்? ஐயய்யோ, அப்படியே உள்ள வராதீங்க. காலப் பாருங்க!"

முழங்கால்வரை சேறு. அக்கா ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று செம்பில் தண்ணீர் மொண்டு என் காலில் ஊற்றினார். நான் தேய்த்தேன். "பின்னாடி. குதிகால். ம், இன்னொரு கால்." மணி ஆறு. கோயிலில் சரியாக அந்த நேரத்தில்தான் தண்ணீர் ஊற்ற ஆரம்பிப்பார்கள். இதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடிக்க என் மூளை துடித்தது. வாயை மூடிக்கொண்டு கிட என்று அதை அடக்கினேன். காலில் சேறு இருந்தது, கழுவினார், அவ்வளவுதான்.

கட்டை அவிழ்த்தேன். சதை வெளுத்து ஊறியிருந்தது, ஆனால் அடியில் சிவப்பு இருந்தது. ஊற்றினேன். ஒத்தினேன். விரலிடுக்கை ஒவ்வொன்றாக, வெளியில் தெரியாத இடமெல்லாம், துடைத்தேன். கண்ணை மூடவில்லை. பெருமூச்சும் விடவில்லை. ஈரப்பாயை மடித்து வைத்துவிட்டு அக்காவைக் கயிற்றுக்கட்டிலில் காலை மேலே தூக்கி உட்காரச் சொன்னேன். வெள்ளிக்கிழமையும் போனேன். அன்று சிறுவாச்சூரில் நடை உண்டு, அக்கா போகவில்லை. "அவளுக்குத் தெரியும்" என்றார்.

தாழ்மை கற்றுக்கொண்டேனா என்று கேட்கிறார்கள். இல்லை. துணைத்தலைவரைப் பார்த்தால் இன்னமும் சுர்ரென்றுதான் ஏறுகிறது. கற்றுக்கொண்டது, விரலிடுக்கைத் துடைக்க. கேட்டுவிட்டுச் செய்வதை இனிமேல்தான் கற்க வேண்டும். அந்த நாற்காலியில் மட்டும் இனி உட்காருவதாக இல்லை. வேண்டுமானால் மண்டியிட்டுத் துடைக்கிற பக்கம் ஆள் தேவைப்பட்டால் கூப்பிடட்டும்.

சனிக்கிழமை டாக்டர் நெடுநேரம் பார்த்தார், அழுத்தினார், திருப்பினார். "காஞ்சிருக்கு. விரல் இருக்கட்டும்" என்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்து, "இருந்துக்க" என்றார்.

அந்தச் செய்தியோடு வீட்டுக்குப் போனேன். வியாழனிலிருந்து மனைவி என்னோடு பேசவில்லை. தவக்காலம், நானும் கேட்டுக்கொள்ளவில்லை. விரல் தப்பியதைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

"நல்லது" என்றாள். "அன்னிக்குப் பதினோரு பேருதான் உட்கார்ந்திருந்தாங்க. ஒரு நாற்காலி காலியா இருக்கு, யாராவது வாங்கன்னு சாமியாரு மூணு தடவ கூப்பிட்டாரு. ஒருத்தரும் எழுந்திரிக்கல, காலு கழுவாம வந்துட்டாங்களாம். பின்னாடி பெஞ்சுல, பன்னெண்டுல காட்டிக்குடுத்தவன் ஒருத்தன் இருந்தானே, வராதது அவந்தான்னு பேசிக்கிட்டாங்க. நான் திரும்பிப் பாத்தேன். ஆனா இல்லன்னு சொல்லல."